மீன்பாசி குத்தகை: பத்திரம் பதியாதவர்கள் செய்யும் தவறுகள்

சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வியாபாரம் பார்ப்பவர் ஒருவர், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் குளத்தை மூன்று வருஷத்துக்கு மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன் பிடித்துக்கொள்ளும் உரிமைக்கான குத்தகைக்கு, எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாள், இரண்டு சாட்சிக் கையெழுத்து, கையில் முன்பணம். கட்லா, ரோகு குஞ்சும் விட்டாயிற்று. இரண்டாம் வருஷப் பணம் பாதியில் நிற்கிறது. தம்புச் செட்டித் தெரு வக்கீல் ஆபீஸ்களுக்கு இப்படிப்பட்ட தாளோடுதான் பலர் வருகிறார்கள்.

"நிலத்தையா கொடுத்தோம்? மீன் பிடிக்கத்தானே விட்டோம், அதுக்கு எதுக்குப் பதிவு?" என்கிறார்கள். முதல் தவறு இதுதான். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம், அசையாச் சொத்து எது என்று சொல்லும் இடத்திலேயே மீன்பிடி உரிமையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரி பற்றிய ஆனந்த பெஹரா வழக்கில், மீனைப் பிடித்து எடுத்துச்செல்லும் உரிமை நிலத்திலிருந்து வரும் பலன், ஆகவே அசையாச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனவே ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கும். முத்திரைத் தீர்வை குறைந்திருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். பதிவுக் கெடு தாண்டிவிட்டால் அப்படிச் சரிசெய்ய வழியில்லை.

சரி, பதியவில்லை. இங்கேதான் இரண்டு தரப்பும் தப்புக் கணக்குப் போடுகிறது. "பதியாத பத்திரம் செல்லாது, ஒரு பைசா தர வேண்டாம்" என்று குத்தகைதாரருக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பாதீர்கள். மூன்று வருஷக் காலவரையறையை அந்தத் தாளை வைத்து நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான். குளத்தை ஒப்படைத்து, பணமும் கைமாறியிருந்தால், மாதாமாதம் ஓடும் குத்தகையாக நீதிமன்றம் கருத இடமுண்டு. அதுவும் நிற்காவிட்டால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இருக்கிறது: இலவசமாகத் தரும் எண்ணமில்லாமல் ஒருவர் கொடுத்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால், ஈடு தர வேண்டும். பிடித்து விற்ற மீனுக்குக் குத்தகைதாரர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

குத்தகை விட்டவர் செய்யும் தவறு இதைவிட வருத்தமானது. நியாயம் அவர் பக்கம் இருந்தும், வழக்குரையில் "பத்திரப்படி பாக்கி" என்று மட்டும் எழுதிவிட்டு 70-ஆவது பிரிவை மாற்றுக் கோரிக்கையாகக் கேட்காமல் விட்டுவிடுகிறார். பத்திரம் விழுந்தால் வழக்கும் கூடவே விழுந்துவிடும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்கச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துங்கள்.

அப்புறம், காலக்கெடு. குத்தகைப் பாக்கிக்கு, ஒவ்வொரு தவணையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. "அண்ணே, தீபாவளிக்குள்ள தந்துடறேன்" என்ற போன் பேச்சு அதை நீட்டிக்காது. கெடு முடிவதற்குள் கையெழுத்திட்டு எழுதித் தந்த ஒப்புதல் நீட்டிக்கும். வாட்ஸ்அப் செய்தியையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் சாட்சியமாக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். போனை மாற்றுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் இன்னொரு சண்டை. கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து மீன் போய்விட்டது, அதனால் குத்தகை தர மாட்டேன் என்பார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வெள்ளத்தால் சொத்து நிரந்தரமாகப் பயனற்றுப் போனால்தான் குத்தகையை ரத்து செய்யும் உரிமை தருகிறது. ஒரு பருவ வெள்ளம் அந்தக் கணக்கில் வராது. வெள்ளத்துக்காகக் குத்தகைப் பணத்தில் கழிவு வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்; வெள்ளம் வந்த அதே வாரம் படம் எடுத்து, பதிவுத் தபாலில் கடிதமும் போடுங்கள்.

அரசு ஏரியை ஏலம் எடுத்தவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. பாக்கியை 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி நிலவரிப் பாக்கி போல வசூலிக்க வழி உண்டு. சிவில் வழக்கில் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமலே சொத்து ஜப்திக்கு வந்துவிடும். தாலுகா ஆபீஸ் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது எந்தப் பாதுகாப்பும் தராது. அதை வாங்கி, கணக்கில் எந்தத் தொகை தவறு, எதைக் கட்டியாயிற்று என்று ரசீது நகலோடு உடனே பதில் கொடுங்கள்.