விமானிகளுக்கான ஹெட்செட்: நான்காவது செக்டரிலும் உறுத்தாததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மீனம்பாக்கத்திலிருந்து பணிக்குப் புறப்படும் விமானிகளில் பலர் சொந்த ஹெட்செட்டோடுதான் விமானம் ஏறுகிறார்கள். காக்பிட்டில் நிறுவனத்தின் ஹெட்செட் இருக்கும்தான். ஆனால் நேற்று வேறொருவர் வியர்வையோடு அணிந்திருந்த அதே காது மெத்தையை இன்று நாம் காதில் வைக்க வேண்டியிருக்கும். டிரான்சிஷன் லெவல் எனப்படும் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே விமானிகள், வாயருகே நீளும் பூம் மைக் அல்லது தொண்டை மைக் வழியாகவே பேச வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. ஒரு புறப்பாடு முதல் அடுத்த தரையிறக்கம் வரை ஒரு செக்டர். சென்னை–பெங்களூரு, சென்னை–கோயம்புத்தூர் போன்ற குறுகிய செக்டர்களில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி என்பதால், ஹெட்செட்டைக் கழற்றி வைக்க நேரமே வாய்ப்பதில்லை. ஆகவே கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தபோது சுகமாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நாளின் நான்காவது செக்டரில், மழை மேகத்துக்கு இடையே இறங்கிக்கொண்டிருக்கும்போது, தலையில் ஒன்று இருக்கிறது என்பதையே மறந்து வேலை பார்க்க முடிகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் நீங்கள் ஓட்டும் விமானத்தின் இரைச்சல் எத்தகையது என்று கவனியுங்கள். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானத்தின் காக்பிட்டில் என்ஜின் சத்தம் குறைவு. மூக்குப் பகுதியை உரசிச் செல்லும் காற்றின் ஓசையும், ஏசி காற்றும், கருவிகளைக் குளிர்விக்கும் மின்விசிறிகளும் சேர்ந்து ஒரு தொடர்ச்சியான இரைச்சலாகக் கேட்கும். போயிங் 737-இன் காக்பிட்டில் இந்தக் காற்றோசை இன்னும் அதிகம். தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏடிஆர் 72-இலோ புரொப்பெல்லரின் தாழ்ந்த அதிர்வொலிதான் முன்னே நிற்கும். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-இல் பிஸ்டன் என்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்து இவை எல்லாவற்றையும் விட உரக்க முழங்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஹெட்செட் இரைச்சலை இரண்டு வழிகளில் குறைக்கிறது. காதை மூடும் கப்பும் மெத்தையும் தடுப்பது ஒரு வழி. இது கூர்மையான, உயர் அதிர்வெண் ஒலிகளை நன்றாகத் தடுக்கும், தாழ்ந்த முழக்கத்தை அவ்வளவாகத் தடுக்காது. ஏஎன்ஆர் எனப்படும் மின்னணு முறை மற்றொரு வழி. கப்புக்குள் இருக்கும் சிறிய மைக் உள்ளே வரும் இரைச்சலைக் கேட்க, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் உருவாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இது தாழ்ந்த அதிர்வெண்களில்தான் சிறப்பாக வேலை செய்யும். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது இந்தக் கருத்தை விமானத்திலேயே குறித்து வைத்தார் என்பதும், அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான முதல் ஏஎன்ஆர் ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது என்பதும் இத்துறையில் பலர் அறிந்த வரலாறு. இந்த இரண்டு வழிகளும் சேர்ந்துதான் பலன் தருகின்றன என்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஒற்றை டெசிபல் எண்ணை மட்டும் வைத்து இரண்டு ஹெட்செட்டுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

எவ்வளவு இரைச்சல் குறைந்தால் போதும்? எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பதே பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. பரவலான ஒரு கணக்கின்படி, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. ஆனால் இதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது ரேடியோவின் ஒலியளவு. காக்பிட் இரைச்சல் காதுக்குள் வரும்போது, ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம்) சொல்வதைப் பிடிக்க நாம் குமிழைத் திருகிக்கொண்டே போகிறோம். கடைசியில் காதைக் கெடுப்பது என்ஜினாக இருப்பதில்லை, நாமே கூட்டி வைத்த ரேடியோவாகத்தான் இருக்கும். நல்ல ஹெட்செட்டின் உண்மையான அடையாளம், அதை அணிந்த பிறகு ஒலியளவைக் குறைக்க முடிவதுதான். விமானி உரிமத்துக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்கான சர்வதேச வரம்பின்படி, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் 35 டெசிபலுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலும் எந்தக் காதிலும் இழப்பு இருக்கக்கூடாது. இரைச்சலால் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் தொடங்கும். அன்றாடப் பேச்சில் அது தெரியவே தெரியாது, கேட்புச் சோதனையின் பதிவான ஆடியோகிராம் தாளில்தான் தெரியும். உரிமம் காதைச் சார்ந்திருக்கும் தொழிலில், இதற்குச் செலவழிப்பதை ஆடம்பரம் என்று நான் கருதவில்லை.

அதே சமயம், இரைச்சலை அதிகமாகத் தடுப்பதே சிறந்தது என்றும் எண்ண வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் நேராகப் பேசும் குரல், ஸ்பீக்கரிலிருந்து வரும் எச்சரிக்கைகள், 737-இல் மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் டிரிம் சக்கரம் சுழலும் கடகட ஒலி, என்ஜின் ஓசையில் ஏற்படும் மாறுதல் ஆகிய அனைத்தும் விமானிக்குத் தேவையான செய்திகள். காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்செட்டை ஜெட் காக்பிட்டில் அணிபவர்கள், இவற்றைக் கேட்பதற்காக ஒரு பக்கக் கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் செய்யும்போது ஒரு காது முழு இரைச்சலையும் வாங்குகிறது. மற்றொரு காதில் ஒலியளவு கூடுகிறது. இந்தப் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால், காதை லேசாகத் தொட்டு நிற்கும் சிறிய ஏஎன்ஆர் ஹெட்செட்டே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

வகைகள் மூன்று. காதைச் சுற்றி முழுதாக மூடுபவை முதல் வகை. டேவிட் கிளார்க் நிறுவனத்தின் பச்சை நிற எச்10-13.4, போஸ் ஏ30, லைட்ஸ்பீட் டெல்டா ஜூலு ஆகியவை இதில் அடங்கும். பயிற்சி விமானத்துக்கும் புரொப்பெல்லர் விமானத்துக்கும் இவை பொருந்தும். காதின் மேல் அமர்ந்திருப்பவை இரண்டாவது வகை. டேவிட் கிளார்க் டிசி புரோ-எக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. காதுக்குள் செருகும் முனையோடு வருபவை மூன்றாவது வகை. போஸ் புரோஃப்ளைட், கிளாரிட்டி அலாஃப்ட் போன்றவை. ஏ30 ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ளது. புரோஃப்ளைட்டின் இரண்டாம் பதிப்பு 130 கிராமைச் சுற்றியே இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கை உணர்வதைவிட, மாலைக்குள் கழுத்து நன்றாக உணர்ந்துவிடும்.

சுகம் என்பது எடையோடு முடிந்துவிடுவதில்லை. பக்கவாட்டில் எவ்வளவு அழுத்துகிறது, அந்த அழுத்தம் எங்கே விழுகிறது என்பவை எடையைவிட முக்கியம். முழுதாக மூடும் கப்பில் காது மடல் உள்ளே எங்கும் இடிக்காமல் இருக்க வேண்டும். மடலின் மேல் விளிம்பு மெத்தைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் இரண்டாவது மணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். தலைப்பட்டை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் அழுத்துகிறதா, அகலமாகப் பரவி நிற்கிறதா என்று பாருங்கள். முடி குறைவாக உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கொண்டை போடும் பெண் விமானிகள், பணியன்று போடும் அதே கொண்டையோடு போட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் பட்டை சற்று முன்னே நகர்ந்தாலும் கப் அமரும் இடம் மாறிவிடும்.

தோடு அணிபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர்த் தோட்டின் திருகாணி காது மடலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காதின் மேல் அமரும் வகை ஹெட்செட் மடலைத் தலையோடு சேர்த்து அழுத்தும்போது, அந்தத் திருகாணியின் முனை காதுக்குப் பின்னுள்ள எலும்பில் குத்தும். என்னோடு பறந்த துணை விமானி ஒருவர் வாரக்கணக்கில் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஹெட்செட்டைக் கழற்றியபோது காதுக்குப் பின்னால் கடுகளவு சிவந்த குழி ஒன்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. தட்டையான பின்புறம் கொண்ட சிறிய தோட்டுக்கு மாறினார். ஹெட்செட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி அணிபவர்களுக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் நுழையும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டாகி, அதன் வழியே இரைச்சல் உள்ளே வரும். காம்பு தடிமனாக இருந்தால் நெற்றிப்பொட்டும் வலிக்கும். மெல்லிய உலோகக் காம்புள்ள கண்ணாடி பெருமளவு உதவும். ஹெட்செட்டைச் சோதிக்கும்போது பவர் கண்ணாடி, வெயில் கண்ணாடி இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

சென்னையின் வெக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் கதவு திறந்தபடி விமானம் நிற்கும்போது காக்பிட் எவ்வளவு சூடேறும் என்பது இங்கே பணிபுரிபவர்களுக்குத் தெரியும். செயற்கைத் தோல் மெத்தை அந்நேரத்தில் வியர்வையில் ஊறி வழுக்கும். நாளடைவில் கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் அந்தத் தோல் செதில் செதிலாக உரிந்து கழுத்துப் பட்டையில் கொட்டும். மெத்தையின் மேல் போடும் துணி உறை வியர்வையை உறிஞ்சும், துவைத்தும் போடலாம். மூடும் இறுக்கம் சற்றுக் குறையும் என்றாலும் கோடையில் அது ஏற்கத்தக்கதே. காதுக்குள் செருகும் வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் முனைகளை அடிக்கடி கழுவி, நன்றாக உலர்த்தி, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், ஏனெனில் ஈரமான காதுத் துளையில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும்.

சோதிக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். நண்பரிடமோ உடன் பறப்பவரிடமோ இரவல் வாங்கி, வீட்டில் அமர்ந்து குறைந்தது இரண்டு மணி நேரம் அணிந்தபடி படியுங்கள். இடையில் கொட்டாவி விடுங்கள், எதையாவது மெல்லுங்கள், தலையை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள், மேலே உள்ள சுவிட்சுகளைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பாருங்கள். தாடை அசையும்போது இரைச்சல் உள்ளே வந்தால் மெத்தை சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள்; சிவந்த தடம் சில நிமிடங்களில் மறையாவிட்டால் அந்த இடத்தில்தான் நாளை வலிக்கும். இதற்குப் பிறகே, நிறுவனம் அனுமதித்தால், ஒரு முழு நாள் பணியில் அணிந்து பாருங்கள்.

பிளக் பற்றிய கவனக்குறைவால் பணத்தை வீணாக்குபவர்கள் உண்டு. சிறிய பயிற்சி விமானங்களிலும் 737-இலும் இரட்டை பிளக் இருக்கும், கேட்பதற்கு 6.3 மில்லிமீட்டர், மைக்குக்கு 5.2 மில்லிமீட்டர். ஏ320 குடும்பத்தில் ஐந்து ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் பிளக். ஹெலிகாப்டருக்கு ஒற்றைப் பிளக். பயிற்சிப் பள்ளிக்குப் புறப்படும் மாணவர்கள், பின்னர் ஏர்பஸ்ஸில்தான் பறப்போம் என்று எண்ணி இலேசான ஏர்லைன் ஹெட்செட்டை இப்போதே வாங்க வேண்டாம். பிஸ்டன் விமானத்தின் இரைச்சலுக்கு அது போதாது. கேபிளை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளக்கூடிய மாடல் என்றால் இரண்டு காலத்துக்கும் பயன்படும்.

பேட்டரி தீர்ந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். விமானிகளுக்கென்றே செய்யப்பட்ட ஹெட்செட்டில் ஏஎன்ஆர் நின்றுபோனாலும் ரேடியோவும் மைக்கும் தொடர்ந்து வேலை செய்யும். இரைச்சல் மட்டும் கூடும். பாட்டுக் கேட்கும் சாதாரண ஹெட்ஃபோனில் தனி மைக் ஒன்றைப் பொருத்திப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். இலேசானது, விலையும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் டிஎஸ்ஓ-சி139ஏ போன்ற விமானத் தரச் சான்று அதற்குக் கிடையாது, நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் மேனுவல் அனுமதிக்காமலும் போகலாம். பயணிகளோடு பறக்கும் காக்பிட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரே கையால், ஐந்து வினாடிக்குள் அணிய முடிய வேண்டும் என்பது விமான வடிவமைப்பு விதி. உங்கள் ஹெட்செட் அதற்கு இடையூறாக இருக்கிறதா என்பதை சிமுலேட்டரில் ஒருமுறை செய்து பாருங்கள். கேபிள் கழுத்தைச் சுற்றி மாட்டுகிறதா, பூம் மைக் மாஸ்க்கின் விளிம்பில் தட்டுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். சாதாரண நேரத்தில் மைக் உதட்டோரத்தில், ஏறக்குறைய ஒரு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும். வாயின் நேர் முன்னே வைத்தால் மூச்சுக் காற்று புஸ்ஸென்று கேட்கும். தள்ளி வைத்தால் உங்கள் குரலோடு காக்பிட் இரைச்சலும் ஏடிசிக்குப் போகும்.

நல்ல ஏஎன்ஆர் ஹெட்செட்டுகளில் பலவற்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. ஆகவே உத்தரவாதக் காலத்தையும், பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும், மெத்தை, மைக் உறை போன்ற உதிரிகள் சென்னைக்கு வந்துசேர எத்தனை நாளாகும் என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியபின் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்ல வேண்டாம். சூடு மெத்தையையும் பசையையும் முதலில் கெடுக்கும். ஒவ்வொரு பணி முடிவிலும் மெத்தையை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே பையில் வையுங்கள். ஒரு ஜோடி மெத்தை, மைக்கின் பஞ்சு உறை ஒன்று, இரண்டு ஏஏ பேட்டரி ஆகியவற்றை ஹெட்செட் பையிலேயே தனியாக வைத்திருந்தால், வெளியூரில் தங்க நேரும் இரவில் கடை தேடாமல் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.