சாரல் காலத் தும்மலை எந்த இடத்தில் மறிப்பது?

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைப் பக்கம் மெத்தை, தலையணையில் ஈரம் போகாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளான தூசி உண்ணிகளுக்கு அதுதான் வேண்டும். காலையில் அடுக்குத் தும்மல் போடுகிறவர்கள் குளிர்காற்றைத் திட்டுவார்கள். பல வீடுகளில் உண்மையான காரணம், தலையணைக்குள் இருக்கும் உண்ணிக் கழிவின் புரதத்தால் வரும் ஒவ்வாமை (அலர்ஜி).

நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்களை அனுப்ப, இன்னொரு வகையான பி செல்கள் அந்த உண்ணிப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கின்றன. அது மூக்குச் சவ்விலுள்ள, ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துவைத்திருக்கும் மாஸ்ட் செல்கள்மேல் ஒட்டிக் காத்திருக்கும். உண்ணிப் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇகளைச் சேர்த்துப் பிடித்ததும், சில நிமிடங்களில் ஹிஸ்டமின் கொட்டும்: தும்மல், அரிப்பு, நீரொழுக்கு. நாலைந்து மணி நேரம் கழித்து ஐஎல்-5 சமிக்ஞையால் திரளும் ஈசினோபில்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) மூக்கை அடைக்கும்.

செட்டிரிசின் மாத்திரை, ஹிஸ்டமின் போய் ஒட்டும் ஏற்பியை மட்டும் மறிக்கிறது. பெரியவர்களுக்கு 10 மி.கி.; காலைத் தும்மலுக்கு இரவே போடுங்கள், சிலருக்குத் தூக்கம் வரும். மூக்கடைப்புக்கு இது பெரிதாகக் கேட்காது.

அதற்கு ஃபுளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. சமிக்ஞைப் புரதங்கள் உருவாவதையே இது குறைக்கிறது. ஆனால் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். டாக்டரைப் பார்த்து மே கடைசியிலேயே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு, ஒவ்வொரு துவாரத்திலும் 50 மைக்ரோகிராம் வீதம் இரண்டு அழுத்தம், தினம் ஒருமுறை. புட்டியைக் குலுக்குங்கள். தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை; முனை காதுப்பக்கம் பார்க்கட்டும். மூக்கின் நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். மூக்கில் வேலை நடக்காது.

மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சைலோமெட்டசோலின் மூக்குச் சொட்டு ஐந்து நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூக்கடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பச்சைத் தண்ணீர் கழிவை அலசும், உண்ணியைக் கொல்லாது.

ஒவ்வாமைக்குத் தோல் பரிசோதனை செய்வதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செட்டிரிசினை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வாமை இருந்தும் தடிப்பு எழும்பாது. ஐஜிஇயைப் பிடித்துவைக்கும் ஓமலிசுமாப், ஐஎல்-4 ஏற்பியை மூடும் டூபிலுமாப் ஆகிய ஊசிகள் கடுமையான நோய்களுக்கே, விலையும் அதிகம்.

குளவி கொட்டியோ எதையாவது சாப்பிட்டோ நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால், அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை; செட்டிரிசினைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும். படுக்கவையுங்கள், மூச்சுத்திணறினால் உட்காரவிடுங்கள்; உடனே 108-ஐ அழையுங்கள்.