பார்பிகியூ மேசையில் துவளாத சாலட்: நம் ஊர் வெக்கைக்கு ஏற்ற பக்க உணவுகள்

கோழிக்கு முந்தின இரவே மசாலா தடவிவிடுகிறோம். கரி, கம்பி வலை, இடுக்கி எல்லாம் நேரத்துக்குத் தயாராகிவிடும். மேசையில் முதலில் கெட்டுப்போவது சாலட். கொண்டோவின் பார்பிகியூ இடத்தில் ஆறு மணிக்குக் கிண்ணத்தைத் திறந்து வைத்தால் ஏழு மணிக்குள் வெள்ளரி துவண்டு, அடியில் ஒரு விரற்கடை நீர் தேங்கிவிடும். முறுக்கு நமுத்துப்போகும். தயிர் பிரியும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆண்டு முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி வெயில். காற்றில் எப்போதும் ஈரம். குளிர்நாட்டு மக்கள் தங்கள் கோடைக்கு எழுதி வைத்த செய்முறையை அப்படியே எடுத்தால் இங்கே நிற்காது. நாம் கவனிக்க வேண்டியது நீரைத்தான். காய் விடும் நீர், கழுவும்போது ஒட்டிக்கொள்ளும் நீர், காற்றிலிருந்து ஏறும் ஈரம், இந்த மூன்றையும் அடக்கிவிட்டால் எளிய சாலட்கூட இரண்டு மணி நேரம் மொறுமொறுப்பாக இருக்கும். கீழே உள்ள அளவுகள் பத்துப் பேருக்கு.

வெள்ளரி அன்னாசி கெராபு (மலாய் முறைச் சாலட்)

வெள்ளரிக்காய் 3 (ஏறக்குறைய 600 கிராம்), அன்னாசி பாதி, சின்ன வெங்காயம் 8, சிவப்பு மிளகாய் 2, லீமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) 8, சீனி 1 மேசைக்கரண்டி, கெரிசிக் (வறுத்து இடித்த தேங்காய்) 3 மேசைக்கரண்டி, உப்பு. பூங்கா கந்தான் (இஞ்சிக் குடும்பப் பூ) மொட்டு ஒன்று கிடைத்தால் மெல்லிசாக அரிந்து சேருங்கள். அந்த மணத்துக்கு வேறு எதுவும் ஈடாகாது.

வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். நீர் அதிகம் இருப்பது அங்கேதான். மீதியை அரை சென்டிமீட்டர் தடிமனில் பிறை பிறையாக வெட்டுங்கள். அதைவிட மெல்லிசாக வெட்டினால் பிழியும்போது கிழிந்துபோகும். ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறி, சல்லடைக் கூடையில் 20 நிமிடம் வையுங்கள். கூடைக்குக் கீழே உள்ள பாத்திரத்தில் கால் கப்புக்கு மேல் நீர் சேரும். உப்பு எப்படியும் காயிலிருந்து நீரை இழுக்கத்தான் போகிறது. அது முன்கூட்டியே சல்லடையில் நடக்கட்டும், பரிமாறும் கிண்ணத்தில் வேண்டாம்.

20 நிமிடம் கழித்து, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அழுத்திப் பிழியுங்கள். ஒரு துண்டை மடக்கிப் பார்த்தால் உடையாமல் வளைய வேண்டும். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். உப்பு தூக்கலாக இருந்தால் ஐஸ் தண்ணீரில் ஒரு முறை அலசி, துணியில் சுற்றி மறுபடி பிழியுங்கள். இந்த இரண்டாவது பிழிதலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் அலசிய நீர் முழுவதும் சாலடுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அன்னாசியில் மோரிஸ் ரகம் இதற்குப் பொருத்தம். புளிப்பும் நாரும் உள்ளது, வெட்டினால் வடிவம் நிற்கும். எம்டி2 நல்ல இனிப்பு, ஆனால் சாறு அதிகம். அது மட்டும்தான் கிடைத்தது என்றால் சீனியைப் பாதியாகக் குறையுங்கள். கண்களை நீக்கித் துண்டாக்கி, தனி டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். வெள்ளரியோடு இப்போதே கலக்கக் கூடாது.

கெரிசிக் பாக்கெட்டில் கிடைக்கிறது என்றாலும் வீட்டில் வறுத்ததற்கு நிகரில்லை. பாசாரில் துருவிக் கொடுக்கும் தேங்காய்ப்பூ ஒரு கப் எடுத்து, எண்ணெய் விடாமல், சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். முதல் எட்டு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும், ஈரம் போய்க்கொண்டிருக்கும். அதன் பிறகு நிறம் மளமளவென்று மாறும். கருப்பட்டி நிறத்துக்குச் சற்று முன்பே இறக்குங்கள், சட்டியின் சூடே மீதியை முடித்துவிடும். சூடு ஆறுவதற்குள் உரலில் இடித்தால் எண்ணெய் கசிந்து பசையாகும். ஆறிய பிறகு இடித்தால் எண்ணெய் கசிய அதிக நேரம் பிடிக்கும். ஓரம் கருகியிருந்தால் அத்தனையையும் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள். கசப்பை எதுவும் மறைக்காது.

லீமாவ் சாற்றை வடிகட்டி விதையை நீக்கி, அதில் சீனியை முழுக்கக் கரைத்துக்கொள்ளுங்கள். சீனியை நேராகக் காயின் மேல் தூவினால் அதுவும் உப்பைப் போலவே நீரை இழுக்கும். பரிமாற ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், மிளகாய் சேர்த்துச் சாற்றை ஊற்றுங்கள். கெரிசிக் கடைசியில், மேசையில் வைத்தே.

இதில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) சேர்க்கும் வழக்கம் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் வருகிறார்கள் என்றால் அதைத் தனிக் கிண்ணத்தில் சம்பலாக வையுங்கள். கெராபுவுக்குள் கலந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது, கேட்காமல் சாப்பிட்டுவிடுவார்கள்.

தாளித்த தயிர் உருளைக்கிழங்கு

பச்சை முட்டையில் வீட்டிலேயே அடித்த மயோனிஸ் இந்த வெக்கைக்கு வேண்டவே வேண்டாம். கெட்டித் தயிர் போதும். சுட்ட கோழிக்குப் பக்கத்தில் அதுதான் நாக்குக்கும் இதம்.

ஹாலந்து உருளைக்கிழங்கு 1 கிலோ வாங்குங்கள். ரஸ்ஸட் மாவுக்கிழங்கு, பொரிக்க அருமை, சாலடில் கரைந்துவிடும். இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி உப்புடன் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்த பிறகும் நடு வேகாமல் இருக்கும். கொதி வந்ததிலிருந்து 10 முதல் 12 நிமிடம். கத்தி முனை சிறு தடையோடு இறங்கும் பதத்தில் வடித்துவிட்டு, அதே சட்டியில் சிறு தீயில் ஒரு நிமிடம் குலுக்குங்கள். ஓரங்கள் வெள்ளையாக உலர்ந்து தெரியும். அந்தச் சூட்டிலேயே 2 மேசைக்கரண்டி வினிகரைத் தெளியுங்கள். சூடான கிழங்கு புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறிய கிழங்கில் அது மேலேயே நிற்கும்.

400 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, சல்லடை மேல் வைத்து, பிரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம் நீர் வடிய விடுங்கள். கிழங்கு நன்றாகக் குளிர்ந்த பிறகே தயிரில் புரட்ட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலும் தயிர் இளகி ஓடும்.

தாளிக்க எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 தேக்கரண்டி, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு கொத்து, பெருங்காயம் சிட்டிகை. கடுகு முழுக்கப் பொரிந்து அடங்கட்டும், அரைகுறையாகப் பொரிந்தால் கசக்கும். தாளிப்பை ஆறவிட்டு, புறப்படுவதற்கு முன்பு கலந்தால் போதும். முந்தின நாளே கலந்தால் உளுத்தம்பருப்பு ஊறிச் சவசவவென்று ஆகிவிடும்.

சுண்டலும் கொறிக்கிறவையும்

கொண்டைக்கடலை 300 கிராம் இரவில் ஊறட்டும், ஆனால் பிரிட்ஜுக்குள். வெளியே வைத்தால் விடிவதற்குள் நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். உப்புப் போட்டு குக்கரில் நான்கைந்து விசில். வடித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிட்டுத் தாளியுங்கள். பொடியாக நறுக்கிய மாங்காயும் தேங்காய்ப்பூவும் சாப்பிடும் நேரத்தில் சேரட்டும். தேங்காய்தான் எல்லாவற்றுக்கும் முன்பு கெடும். கடலை வெந்த நீரைக் கொட்டாதீர்கள், மறுநாள் ரசத்துக்கு ஆகும்.

முறுக்கு, கச்சாங் பூத்தே (வறுத்த, பொரித்த கடலை வகைகள்), மரவள்ளிச் சிப்ஸ் மூன்றையும் இறுக்கமான டப்பாவிலேயே வைத்துச் சிறிது சிறிதாக எடுத்துப் போடுங்கள். அகலத் தட்டில் கொட்டி வைத்தால் அரை மணி நேரத்தில் ஈரம் ஏறிவிடும். அப்பளத்தை வீட்டில் பொரித்து எடுத்துப் போக வேண்டாம், அதே கரியில் சுடுங்கள். ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள், இடுக்கியால் திருப்பிக்கொண்டே.

சோளத்தைத் தோலோடு 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மிதமான கரியில் 15 நிமிடம் சுடுங்கள். பிறகு தோலை உரித்து, மிளகாய்த்தூள், உப்பு கலந்த மார்ஜரின் தடவி, நிறம் ஏற இரண்டு நிமிடம். முதலிலேயே மார்ஜரின் தடவினால் அது கரியில் சொட்டித் தீ எழும், சோளம் புகைக்கரி பிடிக்கும்.

வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம்

சமைத்த உணவும் வெட்டிய காய்களும் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும், குழந்தைகளும் வயதானவர்களும் வரும் இடத்தில் இன்னும் கண்டிப்பாக. சாலடைப் பாதி மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து, மீதியை ஐஸ் பெட்டியில் வையுங்கள். கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய தட்டில் வைக்கும்போது, ஐஸ் உருகி உள்ளே வராத உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைக் கோழிக்கு வேறு பெட்டி, வேறு இடுக்கி. கோழி ஊறிய மசாலாவை மிச்சம் என்று சாலடில் ஊற்றிவிடாதீர்கள். சைவச் சாமான்களுக்குக் கம்பி வலையில் ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் பிறகு யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

கடைசிக் கனலில்

பேராக்கின் கோலா செப்பேத்தாங் பக்கம் சூளை போட்டு எடுக்கும் பாக்காவ் (அலையாத்தி மர) கரி நின்று எரியும். கோழி முடிந்த பிறகும் சாம்பல் பூத்த கனல் அரை மணி நேரமாவது கிடைக்கும். அதை வீணாக்காதீர்கள். பெரிய கத்தரிக்காய் இரண்டை முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தி, எண்ணெய் தடவி, 20 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். குத்தாமல் போட்டால் வெடிக்கும். தோல் கருகி, காய் தொய்ந்ததும் மூடி வைத்து, பிறகு உரித்து, சல்லடையில் பத்து நிமிடம் நீர் வடியவிட்டு மசியுங்கள். தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போதும்.

பக்கத்தில் மீதி அன்னாசியை ஒன்றரை சென்டிமீட்டர் வட்டங்களாக அடுக்குங்கள். பச்சை அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி தயிரின் புரதத்தைச் சிதைத்துக் கசக்க வைக்கும். அதனால்தான் அன்னாசிப் பச்சடி சில நேரம் அரை மணியில் கசந்துபோகிறது. சூடு அந்த நொதியை முடக்கிவிடும். பக்கத்துக்கு நான்கு நிமிடம், நடுவிலும் சாறு குமிழிடும் வரை சுட்டு, ஆறவிட்டு நறுக்கி, மீந்த கெட்டித் தயிரில் போட்டு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் தூவுங்கள். நடு வேகாமல் எடுத்தால் கசப்பு திரும்பி வரும்.