சாண்டோரினியில் ஒரு பகல்: கப்பல் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஜியன் கடலில் சுற்றும் உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை கிரீஸின் சாண்டோரினித் தீவில் நிற்கின்றன; ஆனால் அவை கரையைத் தொடுவதில்லை. தீவை ஒட்டியுள்ளது, பழைய எரிமலை வெடிப்பில் உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்து உருவான ஆழமான விரிகுடா. கப்பல் அதன் நடுவில் நின்றுகொள்ள, பயணிகளைச் சிறு படகுகள் ஸ்காலா என்னும் பழைய துறைக்குக் கொண்டுசேர்க்கும். தீவின் தலைநகரான ஃபிரா அந்தத் துறைக்கு நேர்மேலே, சுமார் 220 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. இந்த 220 மீட்டரைக் கணக்கில் சேர்க்காமல், தட்டையான வரைபடத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

முதல் தவறு நேரக் கணக்கில் நிகழ்கிறது. பயண நிரலில் காலை 8 முதல் மாலை 5 வரை என்று அச்சிட்டிருந்தால், அது கப்பல் அங்கே நிற்கும் நேரமே தவிர நமக்குக் கிடைக்கும் நேரம் அன்று. படகில் ஏற முறை எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் முதலில் இறக்கப்படுவார்கள். அவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பொதுவாக அவர்களின் படகு சற்றுத் தெற்கே உள்ள அதினியோஸ் துறைக்குப் போகும். அங்கிருந்து பேருந்து வளைந்து வளைந்து மேலே ஏறிவிடும். மற்றவர்கள் ஸ்காலாவில் இறங்கி, மேலே செல்லும் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் படகு, கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்பே துறையை விட்டுக் கிளம்பிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்பது மணி நேரம் என்பது ஆறாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடும்.

ஸ்காலாவிலிருந்து மேலே செல்ல ரோப்கார், படிக்கட்டு, கோவேறு கழுதை என்று மூன்று வழிகள் உள்ளன. ரோப்கார் மேலே சேர மூன்று நிமிடங்களே ஆகும். ஆனால் பெட்டிக்கு ஆறு பேர் வீதம் ஆறு பெட்டிகள், அதாவது ஒரு நடைக்கு 36 பேர்தான் ஏற முடியும். மூவாயிரம் பேர் வரும் ஒரே ஒரு கப்பலுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட நடைகள் தேவைப்படும் என்றால், இரண்டு மூன்று கப்பல்கள் சேர்ந்து நிற்கும் நாளில் வரிசை எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். படிகள் அறுநூறுக்குச் சற்றுக் குறைவு. அகலமானவைதான், ஆனால் நிழல் இல்லை. கோவேறு கழுதைகளும் அதே படிகளில்தான் ஏறி இறங்குகின்றன என்பதைப் பலரும் அங்கே போன பிறகே அறிகிறார்கள். அவற்றின் சாணமும், காலம் காலமாகத் தேய்ந்து வழவழப்பான கற்களும் சேர்ந்து, சாதாரணச் செருப்புடன் வருபவரை எளிதில் வழுக்கிவிடும். விலங்கின் மீது ஏறிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 100 கிலோவுக்கு மேலோ, அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ பாரம் ஏற்றக்கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி கொண்டுவர வேண்டியிருந்ததே நிலைமையைச் சொல்லும்.

மேலே ஏறும் வரிசையைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். கீழே இறங்கும் வரிசைதான் உண்மையில் ஆபத்தானது. காலையில் பிந்தினால் ஒரு காட்சி குறையும், மாலையில் பிந்தினால் கப்பலே போய்விடும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஃபிராவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதை வைத்து, நாளைப் பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுவது நல்லது. ரோப்கார் நிலையத்தின் வரிசை தெருவுக்கு நீண்டுவிட்டதைக் கண்டால் தயங்காமல் படிகளில் இறங்கத் தொடங்கலாம். முழங்கால் வலி இல்லாதவர்கள் அரை மணி நேரத்துக்குள் துறைக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்த தவறு ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முனைவது. வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும் கொண்ட ஈயா கிராமம் தீவின் வட முனையில், ஃபிராவிலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டரில் உள்ளது. தொல்லியல் களமான அக்ரோதிரியோ தென்மேற்கில் இருக்கிறது. பொதுப் பேருந்துகள் ஃபிராவை மையமாக வைத்தே ஓடுவதால், ஈயாவிலிருந்து அக்ரோதிரிக்குப் போக ஃபிராவில் இறங்கி மாற வேண்டும். டாக்ஸிகள் மிகக் குறைவு. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. என்னைக் கேட்டால் அக்ரோதிரிக்கே என் வாக்கு. சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த வெண்கலக் கால ஊரை, தொல்லியலாளர் ஸ்பிரிடன் மரினாடோஸ் 1967-இல் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாய், வைத்த இடத்திலேயே நிற்கும் பெரிய தாழிகள் ஆகியவற்றைக் கூரையின் நிழலில் நடந்தபடியே பார்க்கலாம். ஒரு வீட்டின் கல் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. வெடிப்புக்கு முன் வந்த நிலநடுக்கத்தின் வேலை அது. மனித எலும்புக்கூடுகள் கிடைக்காததால், மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். புகழ்பெற்ற சுவரோவியங்களை அங்கேயே தேடி ஏமாறுபவர்களும் உண்டு. நீலக் குரங்குகளின் ஓவியம் ஃபிராவின் வரலாற்றுக்கு முந்தைய கால அருங்காட்சியகத்தில் உள்ளது. வேறு சில ஏதென்ஸுக்குப் போய்விட்டன. களமும் அருங்காட்சியகமும் வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். அருகிலுள்ள செந்நிறக் கடற்கரையில் பாறைகள் சரிந்து விழும் அபாயம் உண்டு. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிச் செல்பவர்களைப் பார்த்து நாமும் பின்தொடரக் கூடாது.

ஈயாவின் சூரிய அஸ்தமனத்தை நம்பித் திட்டமிடுபவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும். ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. இரவு பத்து வரை நிற்கும் கப்பல் என்றாலும், சூரியன் மறைந்த நொடியில் கூட்டம் முழுவதும் ஒரே சாலையில் ஃபிராவை நோக்கித் திரும்பும். ஃபிராவின் விளிம்பிலோ கப்பலின் மேல்தளத்திலோ நின்று பார்த்தாலும் அதே சூரியன்தான்.

பணம் சார்ந்த குழப்பங்கள் சில உண்டு. 2025 ஜூலை முதல் சாண்டோரினியில் இறங்கும் கப்பல் பயணிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ கட்டணம் உள்ளது. அதைக் கப்பல் நிறுவனமே வசூலித்துக் கட்டும் என்பதால் கரையில் யாராவது கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ஜூலை, ஆகஸ்டில் வீசும் மெல்டெமி என்னும் வடகாற்று பலத்தால் படகுகள் ஓடாமல், கப்பல் தீவைத் தவிர்த்துவிட்டுப் போவதும் உண்டு. தனியாகச் சுற்றுலா பதிவு செய்பவர்கள், அப்படி நேர்ந்தால் பணம் திரும்புமா என்பதைக் கேட்டுக்கொண்டே செலுத்த வேண்டும். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை: தீவில் விளையும் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தரும் ஃபாவாவும், தக்காளிப் பொரியலுருண்டையும் ஏறக்குறைய எல்லா உணவகங்களிலும் கிடைக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர், கப்பல் இடையில் துருக்கியின் குஷாதாசிக்கும் போவதாக இருந்தால், கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குள் பலமுறை நுழைய உதவும் ஷெங்கன் விசா தேவையா என்பதைப் பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இத்தாலியிலிருந்து கிளம்பிய கப்பலானால் கடிகாரத்திலும் கவனம் வேண்டும். கிரேக்க நேரம் இத்தாலிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே செல்லும். சில கப்பல்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. கைப்பேசியோ கரையின் நேரத்தைத் தானாகவே காட்டும். கப்பலை விட்டு இறங்கும் முன், வாசலில் எழுதி வைத்திருக்கும் கடைசிப் படகின் நேரத்தையும், அன்றைய அறிவிப்புத் தாளில் இருக்கும் துறைமுக முகவரின் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) தொலைபேசி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியே சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. தவறவிட்டவர்கள் அந்த முகவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும். கப்பலில் தங்கிவிட்ட கடவுச்சீட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கக் கூடும். அடுத்த துறைமுகத்துக்கு விமானத்திலோ அதினியோஸிலிருந்து கிளம்பும் பயணிகள் கப்பலிலோ செல்லும் செலவு பயணியுடையது.