பின்சந்திலிருந்து தொடங்குங்கள்

ரங்கூன் நகர நடுவில், அனோரதா சாலையில், காளி கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தோசைக்கடை இருக்கிறது. மாமனார் காலத்தில் அது பிரேசர் தெரு. முப்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கிறேன். வெளியூர்க்காரர் எவரும் தலையைத் தூக்கி நடப்பதில்லை. மேலே நூறு வருடத்துக் கட்டடங்கள், இரும்புக் கிராதி போட்ட பால்கனிகள், கோபுரத்துச் சுதை உருவங்கள். அவர்கள் கண்ணோ காலடியில். எங்கே நடைபாதைப் பலகை ஆடுகிறது, எங்கே வெற்றிலை எச்சில், எங்கே நாய் படுத்திருக்கிறது என்று பார்ப்பதற்குள் தெரு முடிந்துவிடுகிறது. நம் தெரு நன்றாக இருக்கிறதா என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: வருகிறவர் அண்ணாந்து பார்க்கிறாரா?

அதற்காக நாங்கள் செய்ததை எழுதுகிறேன். உங்கள் தெருவில் கடையோ வீடோ இருந்தால் செய்து பாருங்கள்.

எல்லாரும் வாசலைப் பெருக்குவதில்தான் தொடங்குவார்கள். அது தப்பு. குப்பையின் பிறந்த வீடு பின்சந்து. ஆங்கிலேயர் 1853இல் நேர்நேராகக் கோடு போட்டு வகுத்த நகரம் இது. கழிவை அள்ளிச் செல்ல வீட்டு வரிசைகளின் முதுகில் குறுகிய சந்து விட்டார்கள். ஒரு சந்துக்கு இரண்டு தெருவின் முதுகு. அதனாலேயே அது யாருடையதும் இல்லை. ஆறாவது மாடியிலிருந்து ஒரு பை விழும். எதிர்த் தெருக்காரன் போட்டான் என்று இவனும், இவன் போட்டான் என்று அவனும் சொல்வார்கள். எங்கள் சந்தில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

முதலில் இரண்டு தெருவிலிருந்தும் வீட்டுக்கு ஓர் ஆளாவது சம்மதிக்க வேண்டும். பிறகு வார்டு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அள்ளியதை ஏற்றிப்போக நகராட்சி வண்டி வேண்டுமே. ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம். மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை சந்து சேறுதான். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா, வெயில் வேறு, ஆள் கிடைக்காது.

அள்ளுவதற்கு ஒரு வாரம் முன்பே எலிப்பொறி வையுங்கள். இதை நாங்கள் மறந்தோம். குப்பையைக் கலைத்த அன்று இரவே எலிகள் எல்லாம் வீட்டுக்குள் குடியேறின. என் அரிசி மூட்டை இரண்டு போயிற்று. கீழ்வீட்டுக் குழாய்த் துவாரங்களைச் சிமெண்டோ கம்பிவலையோ வைத்து அடைத்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். 1905இல் இந்த ஊருக்குப் பிளேக் வந்தது. எலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

காலுக்கு ரப்பர் பூட்ஸ், கைக்குத் தடித்த உறை கட்டாயம். கண்ணாடி, ஊசி எல்லாம் கிடக்கும். மேலே காய்ந்ததை முதலில் தனியாக எடுங்கள். ஈரத்தையும் காய்ந்ததையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2018 ஏப்ரலில் டெயின் பின் குப்பைமேடு எரிந்தபோது பார்த்தோம். அழுகுவதிலிருந்து வாயு கிளம்பும், காய்ந்தது பற்றிக்கொள்ளும். அந்தப் புகை நாள்கணக்கில் அடங்கவில்லை. அள்ளி முடித்ததும் கட்டட முதுகில் ஒழுகும் கழிவுக்குழாய்களை மாற்றுங்கள். ஈரம் நிற்காவிட்டால் உழைத்த உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

சரி, மறுபடி மேலிருந்து விழாமல் இருக்க என்ன வழி? இங்கேதான் எல்லா ஊரும் தோற்கிறது. எங்கள் சந்தில் அதிகம் போட்டவர் ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் பர்மியப் பாட்டி. அப்வா என்றுதான் கூப்பிடுவோம். சண்டைக்குப் போன நான் அவர் படிக்கட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். லிஃப்ட் இல்லாத செங்குத்துப் படி. எண்பது வயதில் குப்பைப் பையோடு எப்படி இறங்குவார்? இந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். நுனியில் கவ்வியும் மேலே மணியும் இருக்கும். கீழிருந்து இழுத்தால் மணி அடிக்கும். பத்திரிகையோ காய்கறியோ மாட்டி அனுப்பலாம். அதே கயிற்றில் குப்பையைக் கீழே இறக்கச் சொன்னோம். நகராட்சி வண்டியின் மணி கேட்டதும் கடைப்பையன் அப்வாவின் கயிற்றை இழுப்பான், பை இறங்கும். ஏற வேண்டிய தோசை அதே கயிற்றில் ஏறும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சுத்தமான சந்தை வெறுமனே விட்டால் மூன்று மாதத்தில் பழைய கதைதான். மனிதர் புழங்க வேண்டும். இங்கே டோ எய்ன் என்ற அமைப்பு சில பின்சந்துகளில் சுவருக்கு வண்ணம் அடித்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாட இடம் செய்து கொடுத்தது. அவ்வளவு முடியாவிட்டால் பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை, துளசி, ஒரு விளக்கு, நான்கு முக்காலி போதும். கீழே குழந்தை விளையாடும்போது மேலிருந்து பை போட எவருக்கும் மனம் வராது. பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் ஒரு கோப்பைத் தேநீர் விலை வசூலிக்கிறோம். கணக்கைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சண்டை அதில்தான்.

இனி முன்வாசல். வெற்றிலை எச்சில்தான் பெரிய தொல்லை. ‘துப்பாதே’ என்று எழுதினால் அந்த எழுத்தின் மேலேயே துப்புவார்கள். தமிழ்நாட்டில் சுவரில் சாமி படம் ஒட்டுகிறார்களாம். துப்பலைத் தடுக்கச் சாமியைக் காவல் நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. மெல்லுகிறவன் எங்கேயாவது துப்பித்தான் ஆக வேண்டும். அவனுக்கு ஓர் இடம் கொடுங்கள். பழைய எண்ணெய் டின்னில் பாதிக்கு மரத்தூளோ மணலோ போட்டு, வெற்றிலைக்கடைப் பக்கத்தில் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று வையுங்கள். தினமும் மாற்ற வேண்டும். அதை வெற்றிலைக்கடைக்காரரே செய்யும்படி பேசி முடித்தோம்; பதிலுக்கு அவர் குடைக்கு எங்கள் தூணில் இடம்.

ஈரக் கறைக்குத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும். காய்ந்த கறையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் கழித்துத் தேயுங்கள். சுண்ணாம்பு சேர்வதால்தான் பாக்கு அப்படிச் சிவக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிறோமே, அதே சங்கதி. புளிப்புப் பட்டால் சிவப்பு வெளிறும். ஆனால் பளிங்கிலும் மொசைக்கிலும் எலுமிச்சை வேண்டாம், பளபளப்பைத் தின்றுவிடும். சிலர் சுவரின் அடிப்பாகத்தை இடுப்பளவு சிவப்பாக அடித்துவிடுகிறார்கள். எனக்கு அது தோற்றுப்போன வேலையாகப் படுகிறது.

நடைபாதைப் பலகைகளுக்குக் கீழே சாக்கடை ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த என் நாத்தனார் மகள் எங்கள் கடை வாசலிலேயே காலை விட்டுத் தையல் போடும்படி ஆனது. அன்றிலிருந்து வாரம் ஒரு முறை குதிகாலால் ஒவ்வொரு பலகையையும் மிதித்துப் பார்க்கிறேன். ஆடினால் செங்கல் சில்லு செருகுவேன். பெயர்ந்திருந்தால் இலையோடு ஒரு கிளையை நட்டுவிட்டு வார்டில் சொல்வேன். மழைக்காலத்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆற்றில் ஓதம், அதாவது கடலின் ஏற்றம், ஏறும்போது சாக்கடை வடியாது. தெருவில் தண்ணீர் நின்று குழி கண்ணுக்குத் தெரியாது.

மின்சாரம் போகிற ஊர் இது. பேட்டரி விளக்கைப் பெயர்ப்பலகைக்குப் போடாமல் தரையைப் பார்த்துத் தொங்கவிடுங்கள். எச்சில் சோறு திறந்து கிடக்காவிட்டால் நாய்களும் கூட்டம் போடாது.

டாக்சியில் வந்து இறங்குகிறவரை வலப்பக்கமாக இறங்கச் சொல்லுங்கள். 1970இல் போக்குவரத்தை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஓடுகிற வண்டிகளோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை, ஓட்டுநர் இருக்கையும் வலப்பக்கம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு வருகிறவர்களில் ஒரு வகை உண்டு. கையில் மடித்த கடிதம், அதில் தாத்தாவின் கடை முகவரி. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியாவுக்கு நடந்தே போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் கப்பலேறியவர்களின் பிள்ளைகள். அவர்கள் தேடும் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. அதனால் பழைய பெயரையும் அடுத்து இன்றைய பெயரையும் கடைச் சுவரில் எழுதி வைத்தோம்: பிரேசர் தெரு, அனோரதா சாலை. டல்ஹவுசி தெரு, மகா பண்டூலா சாலை. மொகல் தெரு, ஷ்வே பொந்தா. பேயர் தெரு, பான்சொடான். ஸ்பார்க்ஸ் தெரு, போ அவுங் ஜோ. உங்கள் பகுதியிலும் எழுதுங்கள், பெயிண்ட் ஒரு டப்பாகூட ஆகாது. பக்கத்தில் தண்ணீர்ப் பானை வையுங்கள். இந்த ஊரில் அது புண்ணியம், வழிப்போக்கருக்கு வைக்காத தெரு குறைவு. குவளையைத் தினமும் விளக்குங்கள். வழி கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவர் பின்னால் போகாதீர்கள்.

போன மாதம் காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்தப் பட்டியலை விரலால் தடவிப் படித்தார். பிறகு நடைபாதையில் நின்று எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் காலுக்குப் பின்னால் இருந்தது ஆடுகிற பலகை. நாளை சனிக்கிழமை, செங்கல் சில்லு எடுத்து வைத்திருக்கிறேன்.