போட்டோ எடிட்டிங்ல வர்ற செவப்பு, நீல கிளிப்பிங் வார்னிங்: உறைபனி படம் வச்சு புரிஞ்சுக்கலாம்

போன டிசம்பர்ல ஊட்டி பக்கம் தலைக்குந்தா போய் விடியக்காலைல உறைபனி எடுத்தேன், புல்லு மேல உப்பு தூவின மாதிரி அவ்ளோ அழகு. வீட்டுக்கு வந்து லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஓப்பன் பண்ணா பனி மேல பூரா செவப்பு செவப்பா திட்டு, பதறிப்போய் பளிச்சுன்னு இருக்கிற இடங்கள மட்டும் மாத்துற ஹைலைட்ஸ் ஸ்லைடர கடைசி வரைக்கும் இழுத்து செவப்பு எல்லாத்தையும் காணாம பண்ணிட்டேன், ஆனா பனி சாம்பல் கொட்டின மாதிரி ஆயிடுச்சு. அந்த வார்னிங் என்ன சொல்லுதுன்னு அப்ப எனக்கு தெரியல, இப்ப தெரியும், அதனாலதான் எழுதுறேன்.

படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் செவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனல் இருக்கு. ஜேபெக்ல ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255 வரைக்கும்தான் போகும். மழைக்கு வச்ச குடம் நிறைஞ்சு வழிஞ்சா, எவ்ளோ மழை பெஞ்சுதுன்னு குடத்தை பாத்து சொல்ல முடியாதுல்ல, அதேதான், 255 தொட்டதுக்கு அப்புறம் அங்க எவ்ளோ வெளிச்சம் இருந்துச்சுங்கற கணக்கு போயிடும். இதுதான் கிளிப்பிங். அந்தப்பக்கம் 0 தொட்டா வெறும் கருப்பு.

லைட்ரூம்ல டெவலப் பக்கத்துல ஜே கீ அழுத்துங்க. வெளிச்சம் வழிஞ்ச இடம் செவப்பா தெரியும், இருட்டுல முழுகின இடம் நீலமா தெரியும். ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல இருட்டு எவ்ளோ வெளிச்சம் எவ்ளோன்னு காட்டுற வரைபடம், அது மேல ரெண்டு மூலைலயும் குட்டி முக்கோணம் இருக்கும் பாருங்க, அது வெள்ளையா எரிஞ்சா மூணு சேனலும் போச்சுன்னு அர்த்தம், கலரா எரிஞ்சா ஒண்ணோ ரெண்டோதான் போயிருக்கு. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா மிச்ச சேனல்ல தகவல் இருந்தா சாஃப்ட்வேர் அதை வச்சு ஓரளவு மீட்டுக் குடுக்கும்.

இன்னொண்ணு, இந்த வார்னிங் நீங்க இப்ப வச்சிருக்கிற செட்டிங்குக்குதான், ரா ஃபைலே, அதாவது கேமரா பதிஞ்ச மூல ஃபைலே, போச்சுன்னு அர்த்தம் இல்ல. ராவுல பொதுவா 12 இல்லன்னா 14 பிட் இருக்கும், ஜேபெக்க விட நெறைய தகவல், அதுல இன்னும் இடம் இருக்கலாம். டெஸ்ட் பண்றது சுலபம், மொத்த படத்தோட வெளிச்சத்த மாத்துற எக்ஸ்போஷர் ஸ்லைடர கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, அந்த இடத்துல புல்லு நுனியோ மேகத்தோட மடிப்போ திரும்ப வந்தா ஃபைல் நல்லா இருக்கு, தட்டையா ஒரே சாம்பலா மட்டும் மாறினா அது எடுக்கும்போதே போனது, அதுக்கு மேல இழுக்காதீங்க. டார்க்டேபிள்னு இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கு ஓ கீ சாதா வார்னிங், ஷிஃப்ட்டோட ஓ அழுத்தினா ராவுலயே எது போச்சுன்னு தனியா காட்டும், அது எனக்கு ரொம்ப புடிச்ச வசதி. கேமரா பின்னாடி கண்ணு சிமிட்டுற வார்னிங் இருக்கே, நீங்க ராவுல எடுத்தாலும் அது ஜேபெக் பிரிவ்யூவ வச்சுதான் சொல்லுது, அதனால கொஞ்சம் முன்னாடியே பயமுறுத்தும்.

இப்ப தொட்டபெட்டா பக்கம் பூக்குற செவப்பு ரோடோடென்ட்ரான், காட்டுப்பூவரசுன்னும் சொல்வாங்க, அதை எடுத்தா நெறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. பூவும் செவப்பு வார்னிங்கும் செவப்பு, கண்ணுக்கு பிரிச்சு தெரியாது. ஆல்ட் கீய புடிச்சுக்கிட்டே, மேக்ல ஆப்ஷன், எக்ஸ்போஷர் ஸ்லைடர அசைங்க, ஸ்க்ரீன் கருப்பாகி வழிஞ்ச இடம் மட்டும் தெரியும். இதழ் செவப்பா தெரிஞ்சா செவப்பு சேனல் மட்டும் முட்டி நிக்குது, அதான் இதழோட நரம்பு மடிப்பு எதுவும் இல்லாம பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கு மொத்த படத்தையும் இருட்டாக்க வேணாம், கலர் மிக்சர்ல செவப்போட சாச்சுரேஷனும் (கலரோட அடர்த்தி) லூமினன்சும் (கலரோட வெளிச்சம்) கொஞ்சம் இறக்கினா போதும்.

மூடுபனி படத்துக்கு இதுக்கு நேரெதிர் பிரச்சனை. கோத்தகிரி டீ எஸ்டேட் மேல பனி இறங்கி நிக்கும்போது எடுத்தா ஹிஸ்டோகிராம் நடுவுல குவிஞ்சு நிக்கும், எந்த வார்னிங்கும் வராது. உடனே வொயிட்ஸ் ஸ்லைடர ஏத்தி ஹிஸ்டோகிராம வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தை தொட வைக்கணும்னு சொல்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, மூடுபனி பேப்பர் வெள்ளை கிடையாது, ஏத்தினீங்கன்னா பின்னாடி மங்கலா நிக்குற சில்வர் ஓக் வரிசை எல்லாம் காணாம போயிடும்.

சூரியன் வட்டம், பனித்துளில மின்னுற புள்ளி, இதெல்லாம் செவப்பா இருந்தா அப்படியே விடுங்க, அங்க பாக்குறதுக்கு எதுவும் இல்ல. சோலைக்காட்டு வேர் இடுக்குல நீலம் தெரிஞ்சாலும் அப்படித்தான், இருட்டுப் பகுதிய மாத்துற ஷேடோஸ் ஸ்லைடர ஏத்தினா புள்ளி புள்ளியா நாய்ஸ்தான் வரும். ஆனா குன்னூர் மலை ரயில் எடுக்கும்போது இருட்டான இஞ்சினும் வெள்ளை நீராவியும் ஒரே ஃப்ரேம்ல வரும், அப்ப நீராவியோட சுருளுக்கு எக்ஸ்போஸ் பண்ணுங்க, இஞ்சின அப்புறம் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தனியா செலக்ட் பண்ணி, தூக்கிக்கலாம், வழிஞ்சு போன நீராவிய தூக்க முடியாது.

அந்த தலைக்குந்தா படத்தை போன வாரம் திரும்ப எடுத்து, ஹைலைட்ஸ் ஸ்லைடர பாதிக்கும் கம்மியாதான் இறக்கினேன், வெயில் பட்ட நுனில மட்டும் கொஞ்சம் செவப்பு இன்னும் இருக்கு, பனி பனியாவே தெரியுது.