மூக்கடைப்பு ஸ்ப்ரே: நான்காம் நாளில் செய்யும் தவறு

"ஊர்ல இருந்தவரைக்கும் எனக்கு மூக்கு அடைச்சதே இல்ல." பெங்களூருக்கு வேலைக்கு வந்து குடியேறிய நம்மவர்கள் பாதிப் பேர் சொல்வது இதுதான். சாலைப் புழுதி, மழை முடிந்ததும் காலி மனைகளில் இடுப்பளவுக்கு வளர்ந்து பூக்கும் பார்த்தீனியம், டிசம்பர் மாதக் காலைக் குளிர் என்று இந்த ஊரில் மூக்குக்குச் சோதனை அதிகம். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கிவிடுகிற ஸ்ப்ரே, ஒருமுறை பைக்குள் போனால் பிறகு வெளியே வருவதில்லை. காலாவதி தேதி பார்ப்பது, ஒருவர் பாட்டிலை இன்னொருவர் போடாமல் இருப்பது எல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை, பலரும் தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

அடைப்பு விடவில்லை, அதனால் சளி இன்னும் போகவில்லை என்று நினைப்பது

மூக்கின் உட்பக்கச் சுவரில் டர்பினேட் எனப்படும் சதைமடிப்புகள் இருக்கின்றன. சளி பிடிக்கும்போது அவற்றின் ரத்தக் குழாய்கள் விரிந்து வீங்குவதால்தான் மூக்கு அடைக்கிறது. ஆக்ஸிமெட்டாசோலின் (பெரியவர்களுக்கு 0.05%) அல்லது சைலோமெட்டாசோலின் (0.1%) பட்டதும் அந்தக் குழாய்கள் சுருங்கி, சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிடுகிறது. ஆக்ஸிமெட்டாசோலின் 12 மணி நேரம் வரைகூடத் தாங்கும். இரண்டு நாளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

தொடர்ந்து போட்டால் குழாய்கள் மருந்துக்கு மரத்துப்போகின்றன. மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பிருந்ததைவிட அதிகமாக வீங்குகின்றன. இதற்கு ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா என்று பெயர். அதனால்தான் 3 நாள், மிஞ்சினால் 5 நாள் என்ற வரம்பு.

கடைக்கு வருபவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: "சளி போயிடுச்சு, அடைப்பு மட்டும் விட மாட்டேங்குது, இன்னொரு பாட்டில் குடுங்க." தும்மல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, காய்ச்சல் இல்லை, அடைப்பு மட்டும் கடிகாரம் பார்த்து வருகிறது என்றால், அடைப்பை உண்டாக்குவது சளி இல்லை, கையில் இருக்கும் ஸ்ப்ரேதான். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் "விடற வரைக்கும் போடுங்க" என்று இரண்டாவது பாட்டிலை நீட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் கோபம் வருகிறது. 12 மணி நேரம் தாங்கியது 6 ஆகும், பிறகு 3 ஆகும். ராத்திரி இரண்டு மணிக்கு வாயால் மூச்சு விட்டபடி எழுந்து உட்காரச் சொல்லும். தலையணைக்கு அடியில் ஒன்று, வண்டியில் ஒன்று, ஆபீஸ் டிராயரில் ஒன்று என்று பாட்டில் பெருகினால் மாட்டிக்கொண்டாயிற்று.

கடைசியில் டாக்டரிடம் போவார்கள். "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" "ஒண்ணும் இல்ல டாக்டர்." பொய் சொல்லவில்லை, ஸ்ப்ரேயை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்த ஒரு பதிலால் சைனஸ் என்று ஆன்டிபயாட்டிக், ஸ்கேன் என்று காசு கரைகிறது. பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள். முதல் பாட்டிலைத் திறக்கும்போதே லேபிளில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். நான்காம் நாள் அது கண்ணில் படும்.

ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் நிறுத்துவது

நிறுத்த முடியும், ஆனால் பெரும்பாலோர் முதல் ராத்திரியே தோற்றுப்போகிறார்கள். ஒரு துவாரத்தை மட்டும் முதலில் விடுங்கள், மற்றதில் போட்டுக்கொள்ளலாம். விட்ட பக்கம் முதல் சில நாள் முழுதாக அடைத்திருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாகத் திறந்ததும் அடுத்த பக்கத்தை நிறுத்துங்கள். இதைத் தொடங்கும் முன்பே டாக்டரைக் கேட்டு வீக்கத்தைக் குறைக்கும் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஆரம்பித்துவிட்டால் சுலபம். தலையை ஒரு தலையணை உயரம் கூட்டிப் படுங்கள். மூக்குத் தண்டு (இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவர்) வளைவோ அலர்ஜியோ அடியில் இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீசனில் பழைய கதைதான்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேயையும் அடைத்தபோது அடிப்பது

இது அடைப்பை உடனே திறக்கும் மருந்து இல்லை. தினமும் சொன்ன அளவு போட்டால் சில நாளில் வேலை தொடங்கி, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். மூன்றாம் நாளே "வேஸ்ட்" என்று தூக்கிப் போடுபவர்கள் திரும்பப் பழைய பாட்டிலிடம்தான் போகிறார்கள்.

குனிந்தவாக்கில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது துவாரத்துக்கு வலது கையால் பிடித்து, முனை காதுப் பக்கம் பார்க்கும்படி அடியுங்கள். நடுத்தண்டில் அடித்தால் அது காய்ந்து ரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தொண்டையில் கசந்தால் அது மூக்கில் தங்கவில்லை என்று அர்த்தம்.

பிராண்ட் பெயரைப் பார்த்து வாங்குவது

ஒரே பெயரில் அடைப்பு மருந்தும் வருகிறது, வெறும் உப்புநீர் ஸ்ப்ரேயும் வருகிறது. கலவை வரியைப் படியுங்கள். "சோலின்" என்று முடிந்தால் நாள் கணக்கு வேண்டும்.

ஒரு பக்கம் அடைத்தாலே போடுவது

தேவையில்லை. இரண்டு துவாரங்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி அடைப்பது இயல்பு. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைக்கும்.

குழந்தைக்குப் பெரியவர் பாட்டில்

கூடவே கூடாது. எட்டாத இடத்தில் வையுங்கள்: இந்த சோலின் வகைச் சொட்டு மருந்தை 1 முதல் 2 மில்லி விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு நாடித் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் எச்சரித்தது.

பிபி, தைராய்டு, இதய நோய், கண் அழுத்தம் இருந்தும் கேட்காமல் போடுவது

டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவுவது

உப்புநீரில் கழுவுவது நல்ல பழக்கம். 3 டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு, 1 டீஸ்பூன் சமையல் சோடா கலந்து வைத்துக்கொண்டு, அதில் 1 டீஸ்பூனை 240 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் எரிச்சல் இருக்காது. காவிரித் தண்ணீரோ போர்வெல்லோ டேங்கரோ, கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீருக்கும் இதே விதிதான். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது.